அப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்னைக்குக் காட்டு வழியாக

அப்புத்தளைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கே போகிறார்கள். விடியற்காலையில் ஓட்டோ பிடித்துத் தம்பேதன்னைக்குப் போய், லிப்டன் சீட்டில் படம் எடுத்துக்கொண்டு, மூடுபனி ஏறுவதற்குள் இறங்கி, அடுத்த ரயிலில் எல்லப் பக்கம் போய்விடுகிறார்கள். மேற்குப் பாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் இந்த மலையில் பிறந்தவள், இங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்குப் பிடித்தது அந்த மேற்கு வழிதான். பழைய சென் அன்ட்ரூஸ் சேர்ச்சில் தொடங்கி, அடிசம் மடத்தைத் தொட்டு, தங்கமலைக் காட்டுக்குள் புகுந்து, இதல்கஸ்ஹின்னை ஸ்டேஷனில் வெளியே வரலாம். அவசரப்படாமல் நடந்தால் ஒரு காலைப்பொழுது போதும்.

இந்த முறை அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கொழும்பில் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் போனும் கையுமாகத்தான் இருப்பாள் என்று அண்ணி சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளை அவள், பதில் சொல்ல ஆள் இருந்தால் போதும்.

சேர்ச் டவுனை விட்டுப் பண்டாரவளைப் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. 1869இல் கட்டியது. கூர்மையான வளைவு ஜன்னல்கள், அடக்கமான கல் கட்டடம், சுற்றிலும் கல்லறைகள். அந்த 1869ஐ நான் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். இலங்கையில் கோப்பிச் செடியின் இலையில் துரு நோய் முதன்முதலில் தெரிந்ததும் அதே வருடம்தான். கோப்பியை நம்பி இந்த மலைக்கு வந்த துரைமார் ஒரு பக்கம் சேர்ச் கட்டிக் குடியேற, இன்னொரு பக்கம் இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படியத் தொடங்கியிருந்தது. அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பி அழிந்து மலை முழுக்கத் தேயிலையானது. நம் தோட்டத்துத் தமிழர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். கோப்பி பறித்தவர்களில் பலர் கொழுந்து எடுக்கத் தொடங்கினார்கள்.

கல்லறைக் கற்களை நின்று வாசியுங்கள். அங்கே வோல்டர் ஸ்டான்லி சீனியர் என்ற பாதிரியாரின் நினைவுக்கல் இருக்கிறது. கண்டி திரித்துவக் கல்லூரியில் உப அதிபராக இருந்தவர், இந்தத் தீவைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், 1938இல் இங்கிலாந்தில் காலமானார், அவருடைய அஸ்தி இங்கே கொண்டுவரப்பட்டது. இங்கிலாந்தில் பிறந்த ஒருவர் அப்புத்தளை மண்ணுக்குத் திரும்பி வர ஆசைப்பட்டதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. அவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுதான் மருமகள் கேட்டாள்.

"அத்த, நம்ம ஆளுங்க கல்லறை எங்க இருக்கு?"

"நம்ம ஆளுங்களுக்கு ஏதும்மா கல்லு? அப்பாயியப் பொதச்ச எடத்த உனக்குக் காட்டியிருக்கேன்ல. மண்மேடு, ஒரு குரோட்டன் செடி. அவ்வளவுதான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேலே பேசவில்லை. ஆனால் இதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். மலைநாட்டின் பழைய சேர்ச்சுகளைப் பார்க்கப் போகிற நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே நிற்கிற வோர்லி சேர்ச் 1878இல் கட்டியது. அங்கேயும் வரும். பொகவந்தலாவையில் சென் மேரிஸ் சேர்ச் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. உலகம் அறிந்த புகைப்படக்காரர், 1879இல் இறந்தார். இலங்கைக்கு வந்த பிறகு அவர் எடுத்த படங்களில் நம்மைப் போன்ற முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்கெல்லாம் பெயர் உண்டு.

அதே சேர்ச் மரபில் நம்மைத் தேடி வந்தவர்களும் இருந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாக உபதேசியார்களை அனுப்பியது. அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து, அதிலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் முன்னால், உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அரசாங்கம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யோசிப்பதற்கு வெகுகாலம் முன்னால் நடந்தது இது. எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம், தோட்டத்தில் எங்களை 'வேதக்காரவுங்க' என்பார்கள். அப்பாயிக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவரும் ஒரு உபதேசியார்தான். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

டவுனைக் கடந்து மேற்கே அடிசம் வீதியில் சுமார் மூன்று கிலோமீட்டர். தார் போட்ட ஒடுங்கிய பாதை, அலுப்பான ஏற்றமில்லை. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காட்டின் ஓரம். வழியில் ஒரு மரத்தடியில் சூலமும் எலுமிச்சம்பழமுமாக முனியாண்டி நிற்கிறார், கொஞ்சம் தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியார் சுரூபம். தோட்டத்து ஆட்கள் இரண்டு இடத்திலும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். நாங்களும் நின்றோம்.

அடிசம் பங்களாவை முதலில் பார்க்கிறவர்கள் அது இலங்கையில் இருக்கிறது என்று நம்பமாட்டார்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது. பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரன் அவர், கொழும்பில் பெரிய வியாபாரக் கம்பனி ஒன்றின் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அடிசம் என்ற கிராமத்தில் அவருடைய அப்பா பாதிரியாராக இருந்தார். அந்த ஊரின் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார். கையால் கொத்திய கருங்கல் சுவர்கள், பர்மாத் தேக்குக் கதவுகள், மாடத்து ஜன்னல்கள், ரோசாத் தோட்டம். மனைவியும் அவரும் இங்கே வாழ்ந்தது இருபது வருடம்கூட இல்லை. பிறகு கைமாறி, 1960களின் தொடக்கத்தில் சில்வெஸ்திரைன் பெனடிக்ற் சபைத் துறவிகளிடம் வந்தது. அந்தச் சபையார் 1845 முதலே இலங்கையில் இருக்கிறவர்கள்.

இப்போது இது அருளகம், துறவிகள் வாழும் மடம். வீட்டின் ஒரு பகுதிக்குள் மட்டுமே நம்மை விடுவார்கள், வரவேற்பறையும் நூலகமும் வில்லியர்ஸ் காலத்துத் தளபாடங்களோடு அப்படியே இருக்கின்றன. சனி, ஞாயிறு, போயா நாட்களில் போனால் நல்லது, மற்ற நாட்களில் வாசல் பூட்டியிருக்கலாம். துறவிகள் காட்டுக் கொய்யாவிலும் ஸ்ட்ரோபெரியிலும் ஜாம் செய்து விற்கிறார்கள். கட்டாயம் வாங்குங்கள். சத்தம் போடாதீர்கள். அது பிக்னிக் இடம் இல்லை, செப நேரத்தில் உள்ளே ஆட்கள் மண்டியிட்டிருப்பார்கள்.

நான் எப்போதும் போய் நிற்கிற இடம் பங்களாவின் வெளிச்சுவர். கல்லில் கையை வைத்துப் பார்த்தால் உளி பட்ட தடம் இன்றைக்கும் விரலில் தெரியும். எல்லாத் தடமும் ஒரே மாதிரி இருக்காது. சில கல்லில் கொத்து நெருக்கமாக, சமமாக விழுந்திருக்கும், சிலதில் அகலமாக, அவசரமாக. மருமகளின் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன். "இது ஒரு ஆளு, இது வேற ஆளு" என்று அவளே சொன்னாள். கட்டடக் கலைஞர்களின் பெயர் பதிவாகியிருக்கிறது. கல் கொத்தியவர்களின் பெயரை நான் பார்த்த எந்தப் பலகையிலும் காணவில்லை.

மடத்தின் மதிலுக்கு வெளியே காடு தொடங்குகிறது. தங்கமலை 1938 முதல் பாதுகாக்கப்பட்ட சரணாலயம். பெரிய காடு என்று சொல்ல முடியாது, 131 ஹெக்டேயர்தான். ஆனால் அதன் கதை அளவைவிடப் பெரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகளை எவ்வளவு வேகமாக வெட்டினார்கள் என்றால், 1873இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கரே 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று அறிவுரை சொன்னார். அதை ஏற்று, அந்த உயரத்துக்கு மேல் காட்டுக் காணிகளை வெட்டத் தடை வந்தது. ஹோர்ட்டன் சமவெளி இன்று இருப்பதற்கு அந்த ஒரு கோடும் காரணம். இந்த மலைவிளிம்பு அந்தக் கோட்டை ஒட்டியே ஓடுகிறது. இதல்கஸ்ஹின்னை ஸ்டேஷன் 1,615 மீட்டரில், அதாவது ஏறக்குறைய 5,300 அடியில் இருக்கிறது. தேயிலை எங்கே நின்றது, காடு எங்கே பிழைத்தது என்பதை இந்தப் பாதையில் காலால் நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் வருவது உண்மையான காடு இல்லை, டர்ப்பன்டைன் மரங்கள். நாங்கள் அப்படித்தான் சொல்வோம், புத்தகத்தில் யூகலிப்டஸ். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, விறகு வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. வாசனை நன்றாக இருக்கும், நிழலும் இருக்கும். ஆனால் நின்று காது கொடுங்கள், பறவைச் சத்தம் குறைவு. தரையில் உதிர்ந்த பட்டையும் காய்ந்த இலையும்தான், அடிச்செடி அதிகம் வளராது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவோடு இந்த மாதிரி மரங்களுக்கடியில்தான் சுள்ளி பொறுக்குவேன். அதனால் டர்ப்பன்டைன் வாசனை எனக்கு ஞாயிற்றுக்கிழமை வாசனை. அதற்காக அதைக் காடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

கொஞ்ச தூரத்தில் எல்லாம் மாறுகிறது. வெளிச்சம் பச்சையாகிறது, குளிர் ஏறுகிறது. மரங்கள் குட்டை, கிளைகள் கோணல், தண்டு முழுக்கப் பாசி, பாசிக்கு மேல் பன்னங்கள், அதற்கு மேல் சின்ன ஓர்க்கிட். தெற்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிற மேகம் நேராக இந்த மரங்களில்தான் வந்து மோதுகிறது. இலையும் பாசியும் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்குகின்றன. மழையே பெய்யாத காலையில்கூட மரத்தடி நனைந்திருக்கும். மருமகள் தலையில் விழுந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே பார்த்தாள். மழை இல்லை என்று தெரிந்ததும் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. ஒரு மணி நேர விஞ்ஞானப் பாடத்தில் நான் விளங்கப்படுத்த முயல்வதை அந்தச் சொட்டு ஒரு நொடியில் செய்தது.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமான விஷயம். மலைவிளிம்பின் வடக்குச் சரிவில் விழுகிற நீர் வெலிமடைப் பக்கம் இறங்கி உமா ஓயாவாகி, மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போகிறது. தெற்கே விழுவது வளவை கங்கையில் சேர்ந்து அம்பலாந்தோட்டையில் கடலைத் தொடுகிறது. இடையில் தோட்டங்கள். லயத்துக்குப் பின்னால் பீலியில் விழுகிற தண்ணீர் இந்த மாதிரிக் காட்டின் அடியிலிருந்துதான் வருகிறது. குடம் வைத்துக் காத்திருக்கிற அம்மாமார் ஒவ்வொருவருக்கும் இந்தக் காட்டோடு கணக்கு உண்டு. வேலி எங்கே இருக்கிறது என்பதில் வனத்திணைக்களத்துக்கு இருக்கிற அக்கறை நமக்கும் இருக்க வேண்டும். சுள்ளிக்கும் விறகுக்கும் உள்ளே போய்ப் பச்சை மரத்தில் கத்தி வைக்கிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. காஸ் விலை ஏறும்போது அது கூடுகிறது. யாரையும் திட்டி எழுதவில்லை, அடுப்பு எரிய வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பீலி வற்றினால் முதலில் நடக்கப் போவது நம் பெண்கள்தான்.

பறவைகள். காலை ஒன்பதுக்குள் காட்டுக்குள் இருந்தால் பார்க்கலாம். கன்னத்தில் மஞ்சள் தீற்றலோடு மஞ்சள் காதுச் சின்னான், கூட்டமாக இலைக்கு இலை தாவுகிற இலங்கை வெள்ளைக்கண்ணி, மர உச்சியில் மின்சிட்டுச் சோடி. முதல் இரண்டும் இலங்கையை விட்டு உலகில் வேறெங்கும் இல்லாதவை. காட்டுக்கோழியும் அப்படியே. அதன் குரலைக் கேட்காமல் இந்தப் பாதையைத் தாண்ட முடியாது. நெலு என்கிற குறிஞ்சி வகைச் செடிகள் பூத்து விதை விழுகிற வருடங்களில் அவை புதர் புதராக அலையும். சில வகை நெலு பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து மடியும். என் பெரியப்பா இந்தப் பாதையை ஒட்டிய ரயில்வே கேங்கில் வேலை செய்தவர், நெலு பூத்த வருடத்தை வைத்துத்தான் பிள்ளைகளின் வயதைச் சொல்வார்.

மலை அணில், மந்தி, மரை எல்லாம் உண்டு. "புலி இருக்குமா அத்த?" என்று ரகசியக் குரலில் கேட்டாள். மலைநாட்டுக் காடுகளில் சிறுத்தை உண்டு, நம் ஆட்கள் புலி என்றுதான் சொல்வார்கள். பகலில் பேசிக்கொண்டு நடக்கிறவர்கள் முன்னால் வராது, தனியாகப் போகாதே என்று சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அட்டைதான் நிச்சயம் வரும். காற்சட்டையை மேசுக்குள் விட்டு, மேசுக்கு மேல் சவுக்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பிடுங்காமல் கொஞ்சம் உப்பு வையுங்கள்.

மரங்கள் விலகுகிற ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல், போத்தலில் பிளேன்டி. தெற்கே மலை அறுத்துவிட்டது மாதிரி இறங்குகிறது. வானம் தெளிந்தால் உடவளவை நீர்த்தேக்கம் வரை தெரியும். இடது பக்கம் தள்ளிக் கொஸ்லாந்தைத் திசை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது அங்கேதான். அந்தத் திசையைப் பார்க்கும்போது நான் ஒரு செபம் சொல்வேன், அன்றும் இருவரும் சொன்னோம். செங்குத்தான சரிவில், மழை நீர் இறங்க வழியில்லாத இடத்தில், வரிசை வரிசையாக மனிதர்களைக் குடிவைத்த வரலாறு இன்னும் முடியவில்லை. பாதுகாப்பான இடத்தில் தனி வீடு வேண்டும் என்று தோட்டத்து மக்கள் கேட்பது இந்த நிலத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

அப்புறம் பாதை இறங்கி ரயில் பாதையை ஒட்டி வருகிறது. தண்டவாளத்தில் நடக்காதீர்கள். வளைவில் ரயில் சத்தம் கேட்பதற்குள் ரயிலே வந்துவிடும், ஓரத்தில் ஒதுங்க இடமில்லாத சுரங்கங்களும் உண்டு. பெரியப்பா எத்தனையோ முறை சொன்னது இது. இந்தப் பாதை 1893இல் அப்புத்தளைக்கு வந்தது, அடுத்த வருடம் பண்டாரவளைக்கு. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. இதல்கஸ்ஹின்னை ஸ்டேஷன் மலைவிளிம்பில் உட்கார்ந்திருக்கிறது, மேடையில் நின்றால் ஒரு பக்கம் ஊவா, மறுபக்கம் தெற்குச் சமவெளி. பூச்சாடிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். ரயில் நேரத்தை அப்புத்தளையில் புறப்படும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், தவறவிட்டால் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்போது கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீகோ நடைபாதை வந்திருக்கிறது. சுமார் 300 கிலோமீட்டர், 22 கட்டங்கள். அது அப்புத்தளைப் பக்கமும் வருகிறது. நல்ல விஷயம், வழியில் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் அறை கொடுக்கிறவர்களுக்கும் வருமானம். ஆனால் அதில் நடக்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். மருமகள் சொன்னாள், கொழும்பில் அவளோடு படிக்கிற மலையகப் பிள்ளைகள் ஒருவர்கூட இப்படி நடந்ததில்லையாம். தோட்டத்துப் பாதையில் நடப்பது கஷ்டப்பட்டவர்கள் செய்கிற வேலை என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். பிரட்டுக்கும் (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம்), ஸ்டோருக்கும், பள்ளிக்கூடத்துக்கும், பிணம் தூக்கவும் நடந்த பாதைகள் இவை. அதற்கும் முன்னால் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். வழியிலேயே இறந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் வேலை இல்லாமல், கூடை இல்லாமல், பறவை பார்த்துக்கொண்டு இந்த மலையில் நடக்க வேண்டும். அது நமக்கு உரியது. ஆசிரியர்கள் யாராவது வகுப்போடு வர விரும்பினால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். பெப்ரவரி, மார்ச் நல்ல காலம், வடகீழ்ப் பருவமழை தணிந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். அடிசம் கட்டிய காலத்தில் கல் உடைத்தவர்கள், கொத்தியவர்கள், சுமந்தவர்கள் பற்றி உங்கள் வீட்டில் யாராவது பேசியிருந்தால் எழுதுங்கள். "எங்க தாத்தா அங்க கல்லு வேலைக்குப் போனாரு" என்ற ஒரு வரி போதும். பெயர், தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, யார் சொன்னார்கள் என்பது தெரிந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். மருமகள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறாள்.